பசுமைக் கொள்முதல்: வழிகாட்டும் பெங்களூர் பேருந்துகள்

புது தில்லி: பெங்களூரில் அல்சூரை ஒட்டியுள்ள மர்பி டவுன், தமிழர்கள் பெருமளவில் வசிக்கும் பழைய குடியிருப்பு. அருகில் செல்லும் பழைய மதராஸ் சாலையின் வாகனப் புகை இப்பகுதி மக்களுக்குப் புதிதல்ல. இத்தகைய பகுதிகளில் காற்றின் தூய்மை, அரசு எந்த வகைப் பேருந்தை வாங்குகிறது என்பதையும் பொருத்தே அமைகிறது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களை அடையாளம் காட்ட, மண்பானைச் சின்னத்துடன் 'ஈகோமார்க்' முத்திரையை மத்திய அரசு 1991-ல் அறிமுகப்படுத்தியது. ஆனால் மிகச் சில நிறுவனங்களே அதைப் பெற முன்வந்தன. குறைந்த விலை கோருவோருக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறையில், பொருளின் ஆயுள்கால மின்செலவும் பராமரிப்புச் செலவும் கணக்கில் வருவதில்லை என்பது முக்கியத் தடையாகும்.

மொத்தக் கொள்முதல் இத்தடையை ஓரளவு தகர்த்தது. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கியதால், 2014-ல் ரூ.310 ஆக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-ல் ரூ.38 ஆகச் சரிந்தது.

கிலோ மீட்டருக்குக் கட்டணம்

அதன் துணை நிறுவனமான சி.இ.எஸ்.எல்., பெங்களூர், தில்லி, கோல்கத்தா, ஹைதராபாத், சூரத் ஆகிய 5 நகரங்களின் தேவையை ஒன்றுசேர்த்து, 5,450 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரியது. 2022 ஏப்ரலில் வெளியான முடிவில், 12 மீட்டர் நீளப் பேருந்துக்குக் குறைந்தபட்சமாகக் கிலோ மீட்டருக்கு ரூ.43.49 கோரப்பட்டிருந்தது. இம்முறையில் போக்குவரத்துக் கழகம் பேருந்தை விலைக்கு வாங்குவதில்லை. ஓடிய தூரத்துக்குக் கட்டணம் செலுத்துகிறது. எனவே பேருந்தின் விலை, பராமரிப்பு, ஓட்டுநர் ஊதியம் ஆகிய அனைத்தும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன.

பெங்களூரின் பங்கு 921 பேருந்துகள். அவற்றில் முதல் 100 பேருந்துகளை 2023 டிசம்பரில் முதல்வர் சித்தராமையா தொடங்கி வைத்தார். பின்னர், 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் 5 நகரங்களுக்கான 10,900 பேருந்துகளில் பெங்களூருக்கு மட்டும் 4,500 ஒதுக்கப்பட்டன.

நிலுவை அச்சம்

நஷ்டத்தில் இயங்கும் போக்குவரத்துக் கழகங்கள் கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்துமா என்ற ஐயம் நிறுவனங்களுக்கு உண்டு. நிலுவை அச்சம் மிகுந்தால் கோரும் விலையும் உயரும். இதைப் போக்கவே, ரூ.3,435 கோடியில் கட்டண உத்தரவாத ஏற்பாட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. கழகம் தவறினால் இந்நிதியிலிருந்து பணம் வழங்கப்பட்டு, பின்னர் வசூலிக்கப்படும்.

நிதியமைச்சகம் 2018-ல் நிலைத்த பொதுக் கொள்முதலுக்கெனப் பணிக்குழு அமைத்தது. எனினும், முத்திரையைவிடப் பெரிய அளவிலான உறுதியான தேவையும் காலத்தில் பணப் பட்டுவாடாவுமே சந்தையை மாற்றும் என்பதை பெங்களூர் அனுபவம் உணர்த்துகிறது.