முப்பது இலட்சம் மைல் ஓடிய கார்

கார் ஒன்று ஓர் இலட்சம் மைலைத் தாண்டிவிட்டால், அதனைக் கைகழுவிவிடுவதே புத்திசாலித்தனம் என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். வேகத்துக்கென்றே அமைக்கப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றால், சில ஆண்டுகளிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும் என்பது பொது நம்பிக்கை. இந்நம்பிக்கையைப் பொய்யாக்கியவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதை அறிந்தால் மாணவ நேயர்கள் மகிழ்வர்.

அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த லோங் ஐலண்டில் வாழ்ந்த அந்த விஞ்ஞான ஆசிரியரின் பெயர் இர்வ் கோர்டன். 1966 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், சிவப்பு நிற வொல்வோ 1800 எஸ் கார் ஒன்றை அவர் வாங்கினார். நாள்தோறும் வேலைக்குப் போய்வர 125 மைல் அதில் ஓடினார். 1987 இல் அக்கார் பத்து இலட்சம் மைலை எட்டியது. 2002 இல் இருபது இலட்சம். 2013 செப்டெம்பரில், அலாஸ்காவின் நெடுஞ்சாலை ஒன்றில், முப்பது இலட்சம். பூமியைச் சுமார் 120 முறை சுற்றிவரும் தூரம் இது! ஒரே உரிமையாளர் ஒரே காரில் ஓடிய மிக அதிக தூரமென்று கின்னஸ் சாதனை நூல் இதனை ஏற்றுக்கொண்டது. 2018 இல் கோர்டன் காலமானார்.

இரகசியம் ஏதுமில்லை

அவர் கையாண்ட முறைகள் மிக எளியவை. ஏறக்குறைய ஒவ்வொரு மூவாயிரம் மைலுக்கும் எஞ்சின் ஒயிலை மாற்றினார். காருடன் வந்த கைநூல் விதித்த தவணைகளைத் தவறவிடவில்லை. 680,000 மைலின் பின்னரே எஞ்சின் முதன்முறையாகப் பிரித்துப் புதுக்கப்பட்டது.

காரின் அமைப்பும் அவருக்குத் துணைநின்றது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினிற் சுழலும் தண்டினை ஐந்து இடங்களிற் பெயரிங்குகள் தாங்கி நின்றன. அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் மூன்றே தாங்கிகள் இருந்தன. அன்றியும், நெடுந்தூரம் ஓடும் எஞ்சின் நன்கு சூடேறுகின்றது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேறுகின்றது. சந்தைக்கும் கோயிலுக்குமாக அரை மைல் ஓடி நிற்கும் காருக்கோ அந்த வாய்ப்பில்லை. ஆகவே, மைற்கணக்கை மட்டும் பார்த்து ஒரு காரின் முதுமையை மதிப்பிடுதல் தவறாகும்.

வீட்டிற் செய்யத்தக்கவை

பழைய காரை வீட்டில் வைத்துப் பேண விரும்புவோர் முதலிற் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஜக் என்பது காரைத் தூக்குவதற்கே, தாங்குவதற்கன்று. அதை மட்டும் நம்பிக் காரின் கீழ்ச் சென்று உயிரிழந்தோர் உலகெங்கும் உளர். உறுதியான சமநிலத்திற் காரை நிறுத்தி, சில்லுகளுக்கு அணை கொடுத்து, இரும்புத் தாங்கிகளின் மீது அதை இருத்திய பின்னரே கீழே செல்லல் வேண்டும். பிள்ளைகள் உதவிக்கு நிற்கும் வீடுகளில் இவ்விதி இரட்டிப்பாகப் பேணத்தக்கது.

அடுத்து, எஞ்சினின் உடல்நிலையை அறிதல். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அமுக்கம் உண்டாகின்றது என்பதை, பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் ஓர் அமுக்கமானியைப் பொருத்தி அளந்துவிடலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால், சிறிது ஒயிலை அதனுள் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனலாம். ஏறாவிடின் வால்வு பழுதாகவோ, சிலிண்டர் மூடியின் கீழுள்ள பட்டி எரிந்ததாகவோ இருத்தல் கூடும். ஆயிரக்கணக்கான ரூபாவை எங்கே செலவிடவேண்டும் என்பதைச் சில துளி ஒயில் சொல்லிவிடுகின்றது!

பிறேக் ஒயில் பலராலும் மறக்கப்படும் ஒன்று. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்பினது. 'டொட் 4' என்னும் வகை புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை சென்ரிகிறேட் ஆகும். நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைவான நீர் கலந்தாலே அவ்வெல்லை 155 பாகை வரை இறங்கிவிடக்கூடும். மலைச்சரிவில் தொடர்ந்து பிறேக்கை அழுத்தும்போது ஒயில் கொதித்து ஆவியாகின்றது. ஆவி அமுங்கும் தன்மையது. எனவே மிதி அடிவரை இறங்கும், கார் நில்லாது. ஈராண்டுக்கொருமுறை இதனை மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பமே.

எதை முதலில் மேம்படுத்துவது?

ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்ததும் இளைஞர்கள் முதலில் நாடுவது வேகத்தை. நம் கருத்து இதற்கு நேர்மாறானது. நிறுத்தும் ஆற்றல் முதலாவது. திருப்பும் ஆற்றல் இரண்டாவது. குளிர்விக்கும் ஆற்றல் மூன்றாவது. இவை யாவும் செம்மையான பின்னரே ஓடும் ஆற்றல். நாற்பது ஆண்டு பழைய ரப்பர்க் குழாய்களோடு குதிரைவலுவைக் கூட்டுதல், உளுத்த தூண்களின் மேல் மாடி கட்டுவதை ஒக்கும்.

ரயர்களையும் தேய்வு கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அவற்றின் பக்கத்திலே நான்கு இலக்க எண் ஒன்றுண்டு. 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் அது உற்பத்தியானது என்பது பொருள். ஓடாமலே கிடந்து இறுகிப்போன ரயர், மழைநாளில் வழுக்கும்.

ஈயம் கலந்த பெற்றோல் சாலைகளிலிருந்து உலகெங்கும் முற்றாக மறைந்தது 2021 இல். பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமற் காத்தது அந்த ஈயமே. ஆதலால், எஞ்சினைப் பிரிக்க நேரும்போது கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்திக்கொள்வது மெய்யான மேம்பாடு. அடிக்கடி தேயும் தீப்பொறி முனைகளுக்குப் பதிலாக இலத்திரன் முறைக் கருவி ஒன்றை அமைப்பதும் அத்தகையதே. கழற்றிய பழைய உறுப்புகளை எறிந்துவிடாமற் பெட்டியிலிட்டு வைத்தல் நன்று.

இத்தகைய கைப்பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. கோர்டனின் காரில் இருந்த எஸ்.யூ. காபரேற்றர்களின் இனத்தவையே மொறிஸ் மைனரிலும் இருந்தன. 1990 களிற் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் முடுக்கி, மண்ணெண்ணெயில் அந்த மொறிஸ்களையும் ஒஸ்ரின்களையும் ஓட்டினர். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும்; புகை கண்ணைக் கரிக்கும். எனினும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அக்கார்கள் சுமந்தன. உறுப்புகளைப் பிரிக்கவும் பூட்டவும் அறிந்த கைகள் ஊரில் இருந்தமையே அதற்குக் காரணம்.

புதிய காரை வாங்கப் பணம் போதும். பழைய காரை ஓடவைக்க அறிவும் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். இம்மூன்றையும் பிள்ளைகள் கற்பதற்கு வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய காரைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் அரிது.