முறையிடுவது புறம் பேசுவதாகுமா?



வேலை செய்யும் இடத்தில் நடக்கும் அநீதியைப் பற்றி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து சொல்பவர்களில் பலர், பேச்சைத் தொடங்கும்போதே தயங்குகிறார்கள். "இதைச் சொன்னால் புறம் பேசியதாகிவிடுமோ?" என்று கேட்கிறார்கள். நாவைப் பேணும் இந்த அச்சம் நல்லதுதான். ஆனால் இதன் பெயரால் வாய் மூடியிருந்து சம்பளத்தை இழந்தவர்களையும், வேலையையே இழந்தவர்களையும் நாம் பார்த்துவிட்டோம்.

ஒருவர் இல்லாதபோது, அவர் வெறுக்கும் ஒன்றை அவரைப் பற்றிச் சொல்வதே புறம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அது அவரிடம் உண்மையில் இருந்தால் புறம்; இல்லையென்றால் அவதூறு. எனவே "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது சாக்காகாது. ஆனால் சூரத்துந் நிஸாவின் 148ஆம் வசனம், தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும்போதே, அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு அளிக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் அனுமதிக்கப்படும் ஆறு சூழ்நிலைகளை விளக்கும்போது, பாதிக்கப்பட்டவர் அதிகாரம் உடையவரிடம் முறையிடுவதை முதலாவதாக வைத்தார்கள். ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் அபூ சுஃப்யான் செலவுக்குப் போதுமான அளவு தருவதில்லை என்று நபியவர்களிடமே முறையிட்டார்கள். நபியவர்கள் அவரைத் தடுக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள்.

ஆகவே, என்ன சொல்கிறோம் என்பதோடு யாரிடம் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சரிசெய்யும் அதிகாரம் உள்ளவரிடம் சொன்னால் முறையீடு. டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சொன்னால் புறம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். கல்யாண வீட்டுப் பந்தியில் அவரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவோம்!

ஜவுளிக் கடை ஒன்றில் பில் போடும் சகோதரி ஒருவரின் விஷயம் இது. கல்லாவில் பணம் குறைகிறது, அவர்தான் காரணம் என்று உடன் வேலை செய்தவர் பரப்பிவிட்டார். யாரும் நேராகக் கேட்கவில்லை. இவரும் "சபுர் செய்வோம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நான்கு மாதம் இருந்தார். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் மட்டும் நடந்தது. கடைசியில், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் நம்மிடம் வந்தார். அல்ஹம்துலில்லாஹ், கையெழுத்துப் போடாமல் வந்தார்.

இதை எல்லோரும் மனதில் வைக்கவேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தரவேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பின்றி நீக்குவதானால், விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகவும் கடினம். கோபத்திலோ அழுகையிலோ எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு நாம் எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். எந்தெந்த மாதம் எவ்வளவு பிடித்தார்கள், தம் பொறுப்பில் கல்லா எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இருந்தது, கணக்கை முன்வைத்து விசாரிக்கும்படி வேண்டுகோள். பரப்பியவரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை எழுதினால் கடிதம் சண்டையாகிவிடும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் சொன்னோம். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தபோது, அவர் விடுப்பில் இருந்த நாள்களிலும் பணம் குறைந்திருந்தது தெரியவந்தது. பிடித்ததில் பாதிதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. மீதிக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு இருக்கவேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு வேறு வகை. பாலியல் சாயலுள்ள பேச்சும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாலியல் துன்புறுத்தலே. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பெண் ஒருவர் தலைமையில் உள் புகார்க் குழு இருக்கவேண்டும். அதைவிடச் சிறிய இடமாக இருந்தாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். "குடும்ப மானம்" என்று சொல்லி அந்த மூன்று மாதத்தையும் கழித்துவிடுவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள்தான். மகள் சொல்ல வந்தால், வேலையை விடு என்று சொல்லும் முன் முழுவதையும் கேளுங்கள்.

ஆண்கள் விஷயத்தில் நாம் அடிக்கடி கேட்பது வெள்ளிக்கிழமைப் பேச்சு: "ஜும்ஆ என்று போனால் ஆளைக் காணோம்." போகும் நேரம், திரும்பும் நேரம், ஈடாக எவ்வளவு நேரம் கூடுதலாக வேலை செய்வது என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொண்டால் இந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று கதை பேசும் முக்கால் மணி நேரம் ஜும்ஆவில் சேராது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

முதலாளி நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தால் என்ன செய்வது? முதலில் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். பயன் இல்லையென்றால் ஜமாஅத் நிர்வாகிகள் மூலம் பேசலாம். அதற்கும் இணங்கவில்லை என்றால் சட்டம் அவருக்கும் உண்டு. சந்தா அதிகம் தருபவர் என்பதற்காக நாம் யாருடைய மனுவையும் எழுத மறுத்ததில்லை.

மனு எழுத உதவி வேண்டுவோர் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சம்பளம் வரும் வங்கிக் கணக்குப் புத்தகம், நடந்தவற்றைத் தேதிவாரியாகக் குறித்த ஒரு தாள் ஆகியவற்றுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்கள் தனியாக வரத் தயங்கினால் தாயையோ சகோதரியையோ அழைத்து வரலாம். சொல்வது அறைக்குள்ளேயே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.