பழைய ஸ்பானரின் வாய்

மெக்கானிக்கின் கைக்கருவிகளில் பெரும்பாலானவை ஒரு தலைமுறையைத் தாண்டி உழைப்பவை. ஸ்பானர், சுத்தியல், பெஞ்ச் வைஸ், பைப் ரெஞ்ச் எதுவானாலும் எஃகு நல்லதாக இருந்தால் இரண்டு மூன்று கை மாறிய பிறகும் வேலை செய்யும். உத்திரமேரூர் போன்ற ஊரில் டிராக்டர், பம்ப்செட், பைக் என எல்லாமே ஒரே பட்டறைக்குத்தான் வந்து நிற்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்குபவர் அத்தனை கருவியையும் புதிதாக வாங்குவது பெருஞ்செலவு. செலவைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. பழைய இயந்திரங்கள் சிலவற்றுக்குப் பொருந்தும் ஸ்பானர், இன்றைய ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் கிடைப்பதில்லை.

இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறச் சட்டம் இயற்றியது 1956இல். இயந்திரங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்குல நட்டுகளே ஓடின. அங்குலத்திலும் இரண்டு வழக்கம் இருந்ததுதான் இன்றுவரை குழப்பம் தருகிறது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த முறையில், ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் குறுக்களவைக் குறிக்கும். ஸ்பானர் வாயின் அகலத்தை அல்ல. பின்னால் பரவிய ஏ.எஃப். முறையிலோ, எண் வாயின் அகலத்தையே குறிக்கும். அதனால் 3/8 என்று பொறித்த இரண்டு ஸ்பானர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் வாய் சுமார் 18 மில்லிமீட்டர், மற்றதன் வாய் ஒன்பதரை மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின்னால் 'டபிள்யூ' என்ற எழுத்து இருந்தால் அது விட்வொர்த். அந்த 3/8 விட்வொர்த் ஸ்பானரில் 7/16 பி.எஸ். என்றும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள், பி.எஸ்.எஃப். என்ற நுண்மரை போல்ட்டின் தலை ஒரு அளவு சிறியது என்பதே காரணம்.

எந்த இயந்திரத்துக்கு எது என்று தெரிந்து வாங்குவதே முதல் பாடம். லிஸ்டர் வகை டீசல் இன்ஜின்களில் விட்வொர்த் நட்டுகள். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டின் பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் மரைகள். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் பழைய மாசே ஃபெர்குசன் டிராக்டர்களில் ஏ.எஃப். அளவுகளே அதிகம். பிற்காலத்து பைக், மொபெட்டுகள் மில்லிமீட்டர். முக்கால் அங்குல நட்டுக்கு 19ஆம் நம்பர் ஸ்பானர் ஏறத்தாழ ஒத்துப்போகும். இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். 9/16 நட்டிலோ 14 நுழையாது, 15 வழுக்கும். வழுக்க வழுக்க நட்டின் முனைகள் மழுங்கி, கடைசியில் உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். ஒரு தவறான ஸ்பானரால் அரைமணி வேலை அரைநாளாகும்.

வாங்குமிடம் என்று பார்த்தால், உள்ளூர்க் காயலான் கடையை முதலில் சொல்ல வேண்டும். பம்ப்செட்டுக்கு மின்சாரம் வந்து டீசல் இன்ஜின்கள் ஓய்ந்த பிறகு, அவற்றோடு இருந்த ஸ்பானர்களும் பழைய இரும்போடு எடைக்குப் போயின. உருக்கப் போகுமுன் அவற்றைப் பார்த்து எடுப்பவருக்கு மலிவு. அடுத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ், அங்கிருந்து மின்சார ரயில். செடி, பறவை, பழைய மின்சாமான் இவற்றுக்கு நடுவே தரையில் விரித்த சாக்கில் கருவிகள் குவிந்திருக்கும். சென்னை புதுப்பேட்டையில் வண்டியைப் பிரித்து விற்பவர்களிடமும் கிடைக்கும். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு பழம்பொருள் வியாபாரம் பல இடங்களுக்குச் சிதறிவிட்டது.

சந்தைக்குப் போகும்போது அளவு தெரிந்த புது நட்டுகள் நாலைந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. நட்டை ஸ்பானரின் வாயில் வைத்து ஆட்டிப் பார்த்தால் வாய் விரிந்திருப்பது உடனே தெரியும். விரிந்த வாயை அடித்துச் சுருக்கி விற்பதும் உண்டு. வாயின் இரு பக்கமும் இணையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ரிங் ஸ்பானரில் உள்முனைகள் கூராக இருக்க வேண்டும். எங்காவது நீலம் பாய்ந்திருந்தால் அதை கேஸ் வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள், எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். கைப்பிடியில் பைப் வைத்து வெல்டிங் செய்ததையும் தவிர்க்கலாம்.

பெயரைப் பார்த்து வாங்குவது அரைப் பாதுகாப்புதான். ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் 1919இல் தொடங்கிய ஜெடோர், ஸ்வீடன் தொழில்நுட்பத்தோடு 1969இல் நாசிக்கில் உற்பத்தி தொடங்கிய டபாரியா, ஜலந்தரின் பல பட்டறைகள் எல்லாம் நல்ல சரக்கைத் தந்தவை. ஆனால் குரோம் வனேடியம் என்ற எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். சிறு அரத்தால் மூலையில் ஒரு இழுப்பு இழுத்தால் உண்மை தெரியும்: சுலபமாகக் கடித்துத் தூள் கொட்டினால் அது மென்மையான இரும்பு.

மற்ற கருவிகளுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. வைஸ் வார்ப்பிரும்பு என்பதால் வெல்டிங் ஒட்டு தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம். தாடையை முழுதும் திறந்து மூடி, திருகு எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். கட்டிங் பிளையரை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் வெட்டும் முனையில் இடைவெளி தெரியக்கூடாது. அடி வாங்கித் தலை விரிந்த உளியைச் சாணை பிடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் குருடாக்கும். பழைய அரம் வாங்குவது வீண், பல் போனால் போனதுதான். கொல்லர்கள்தான் அதைக் காய்ச்சி உளியாகவோ கத்தியாகவோ அடிப்பார்கள். டார்க் ரெஞ்ச், செயின் பிளாக், ஹைட்ராலிக் ஜாக்கி இம்மூன்றும் பழையதில் வேண்டாம். உயிர் அவற்றை நம்பித் தொங்குகிறது.

ரயில்வே, மின்வாரியம் போன்ற நிறுவனங்களின் எழுத்து பொறித்ததை, விற்ற ரசீது இல்லாமல் வாங்கக்கூடாது. ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்கு எதிராக 1966இன் தனிச்சட்டமே உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சம்ஹிதை 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை.

வாங்கிய கருவியை ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பாதித் துரு போகும். இறுகிய துருவுக்குப் புளிக்கரைசல் போதும். புளிப்பு அமிலம் துருவைக் கரைத்துவிடும், பிறகு உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். குரோம் பூச்சு உரிந்து நிற்கும் இடம் பிளேடாகக் கையைக் கிழிக்கும். அதை எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். சுத்தியலுக்குப் புதுப் பிடி போடும்போது மரத்தின் இழை நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்த்து, தலைப்பக்கம் இரும்பு ஆப்பு அடித்து இறுக்குவார்கள். விட்வொர்த், ஏ.எஃப்., மில்லிமீட்டர் மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் பெயின்டால் எழுதி வைத்தால் அவசரத்தில் கை தவறான ஸ்பானருக்குப் போகாது.