செம்பனை ஓலையும் காணொளிக் கோப்பும்

டிஜிட்டல் கேமராவின் நினைவட்டையில் பதிவாகும் காணொளி, வரிசையாக அடுக்கப்பட்ட முழுப் படங்களின் தொகுதி என்றே பொதுவாகக் கருதப்பட்டாலும், பெரும்பாலான கோப்புகளில் முழுப் படங்கள் மிகச் சிலவே இருக்கின்றன. படத்தொகுப்பு மென்பொருளுக்குள் அக்கோப்பைக் கொண்டுவரும்போது நேரும் இடர்கள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

1920க்கு 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகம், அதாவது காணொளியின் ஒரு தனிப்படம், சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 6.2 மெகாபைட் இடம் கொள்ளும். மலேசியத் தொலைக்காட்சி முறைப்படி நொடிக்கு 25 சட்டகங்கள் எனக் கொண்டால், ஒரு நொடிக்கே 155 மெகாபைட் தேவைப்படும். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறையோ, அதே நொடியை மூன்று மெகாபைட் அளவுக்குள் அடக்கிவிடுகிறது.

இச்சுருக்கத்தின் முதற்படி, சட்டகத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்துக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்வேறுபாடுகளைக் கழிப்பதாகும். அதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றக் கணிதத்தை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். இதற்காக 1972-இல் அகமது கேட்ட ஆய்வு நிதி, கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. இன்று கைப்பேசிப் படங்கள்கூட அக்கணிதத்தின் வழியில் சேமிக்கப்படுவதை எண்ணும்போது அந்த மறுப்பு மிகுந்த வியப்பைத் தருகிறது.

இரண்டாம் படியில், ஒரு சட்டகம் மட்டும் முழுமையாக எழுதப்பட்டு, அதைத் தொடர்பவற்றில் மாறிய பகுதிகளும் அவை நகர்ந்த திசையும் மட்டும் குறிக்கப்படுகின்றன. ஜொகூர் மாநிலத்தின் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தைப் படமெடுத்தால், பின்னணிச் சுவர் அசையாததால் இம்முறை மிக நன்றாகச் செயற்படும். அதே கேமராவைச் செம்பனைத் தோட்டத்தில் காற்று வீசும் நேரத்தில் நிறுத்தினால், ஓலையின் ஒவ்வோர் ஈர்க்கும் தனித்தனியாக ஆடுவதால் முன்கணிப்பு தவறி, ஒதுக்கப்பட்ட மூன்று மெகாபைட் போதாமல், ஓலைகள் கலங்கிய பச்சைச் சதுரங்களாகப் பதிவாகக்கூடும். படப்பிடிப்பின்போதே இழந்த அந்த நுட்பத்தை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர இயலாது.

தொகுப்பாளர் ஒரு காட்சியை இடையில் வெட்டும்போது, அவ்விடத்துச் சட்டகத்தைக் காட்டுவதற்காகக் கணினி முந்தைய முழுச் சட்டகத்துக்குத் திரும்பிச் சென்று, இடையிலுள்ளவற்றைக் கணக்கிட்டுக்கொண்டு வரவேண்டியிருப்பதால் ஓட்டம் திக்குகிறது. இதனால்தான், எல்லாச் சட்டகங்களையும் தனித்தனியே முழுமையாக வைக்கும் புரோரெஸ் போன்ற வடிவத்துக்குக் கோப்பை முதலில் மாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. கோப்பு பன்மடங்கு பெருத்தாலும் வேலை விரைவாக நடக்கும்.

பழைய வகை அட்டைகளில் ஒரு கோப்பு நான்கு ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், நீண்ட காவடி ஊர்வலம் ஒன்றைத் தொடர்ந்து பதிவு செய்தால் ஏறத்தாழ 24 நிமிடங்களுக்கு ஒருமுறை கோப்பு துண்டாகிறது. அத்துண்டுகளை இணைக்கும் குறிப்புகள் வேறு சிறு கோப்புகளில் இருப்பதால், படக்கோப்புகளை மட்டும் எடுத்து வந்தால் இணைப்பில் ஒலி ஒரு கணம் அறுபடக்கூடும். ஆகவே அட்டையிலுள்ள கோப்புறையை அப்படியே முழுமையாகப் படியெடுப்பதே சரியான முறை.

கைப்பேசிப் பதிவுகளில் சிக்கல் வேறு. வெளிச்சத்துக்கேற்ப நொடிக்கான சட்டக எண்ணிக்கை மாறிக்கொண்டேயிருக்க, மென்பொருள் அதைச் சீரானதாகக் கருதிவிட்டால், உறுமி மேளத்தில் குச்சி பட்ட பிறகோ படும் முன்போ ஓசை கேட்கத் தொடங்கும். காட்சி நீள நீள அந்த இடைவெளியும் கூடும். தொகுப்பதற்கு முன்பே எண்ணிக்கையை நிலைப்படுத்தினால் இது நேராது.

வலுக் குறைந்த கணினியில் சிறிய மாற்றுப் படிகளை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதியில் அவற்றின் இடத்தில் மூலக் கோப்புகளைப் பொருத்துவதும் உண்டு. மென்பொருள் பெரும்பாலும் கோப்பின் பெயரையும் நேரக் குறியையும் கொண்டே மூலத்தை அடையாளம் காண்பதால், கேமரா இட்ட பெயரை மாற்ற வேண்டுமானால் மாற்றுப் படிகளை உருவாக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.