20 டிகிரி: விராலுக்குக் குளிர், டிரவுட்டுக்கு வெக்கை

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் வட்டாரத்து ஏரி, குளங்களில் தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரே குறைதான். தண்ணீர் தளும்பி நிற்கிறது, மீனும் இருக்கிறது, ஆனால் இரையை எடுக்க மாட்டேன் என்கிறது. மண்புழுவை மாற்றி, முள்ளை மாற்றி, இடத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் நேரம் சரியில்லை என்று எழுந்து போவது வழக்கம். நேரம் சரியில்லை என்பது உண்மையே. ஆனால் அதைப் பஞ்சாங்கத்தில் தேடிப் பயனில்லை. தண்ணீரின் வெப்பநிலையில் தேட வேண்டும். மீன் எப்போது இரை எடுக்கும், எவ்வளவு எடுக்கும் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக முடிவு செய்வது அந்த ஓர் அளவுதான்.

மனித உடல் கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. அந்தச் சூட்டைக் காக்கவே நாம் உண்ணும் உணவில் பெரும்பங்கு செலவாகிறது. மீனுக்கு அந்தச் செலவு இல்லை. தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுவே மீனின் உடல் சூடு. இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது, ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. உயிர்வேதி வினைகள் பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். சித்திரையில் 30 டிகிரித் தண்ணீரில் ஒரு மீன் விழுங்கிய தவளைக்குஞ்சு எவ்வளவு நேரத்தில் செரிக்குமோ, 20 டிகிரியில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வயிற்றில் கிடக்கும். வயிறு காலியாகாத மீன் எதற்காக இரையைத் துரத்தப் போகிறது? ஆற்றல் தேவையும் குறைந்துவிட்டதால் பட்டினி அதை வருத்துவதும் இல்லை.

குளிர் என்றாலே மீன் சுருண்டுவிடும் என்றால், நீலகிரியில் டிரவுட் பிடிக்கப் போகிறவர்கள் குளிர்ந்த ஓடைகளைத் தேடிப் போவது ஏன்? இந்தக் கேள்விக்கான விடையை நீலகிரி டிரவுட்டின் வரலாறே சொல்கிறது. இந்திய மீன்களை ஆராய்ந்து பெரும் நூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1860களிலேயே இந்த மலைகளில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்று வெற்றி பெறவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரவுட்டை அங்கே நிலைபெறச் செய்தார். உயரம் தந்த குளிரே அதற்கு வழிவிட்டது. ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி வரையான தண்ணீர் இந்த மீனுக்கு உகந்தது. 20ஐத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். 25க்கு மேல் நெடுநேரம் தாங்காது. கம்மாபுரத்துக் குளத்தில் விட்டால் தை மாதக் காலையில்கூட அதற்கு வெக்கைதான். ஆகவே டிரவுட் இந்த விதியை மீறவில்லை, உறுதிப்படுத்துகிறது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வெப்ப வரம்பு உண்டு. அதற்குள் இருக்கும்போது உண்ணும், அதற்குக் கீழே போனால் ஒடுங்கும், மேலே போனால் திணறும்.

கடலூர் மாவட்டத்தில் குளிரே கிடையாதே என்பது அடுத்த மறுப்பு. சனவரி அதிகாலையில் இங்கே காற்றின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, பனி உறைவதில்லை. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்திலும் பிடிக்கப்படும் பெருவாய்ப் பாஸ், தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே பெரிதும் மந்தமாகிறது. அப்படியிருக்க, 20 டிகிரி ஒரு குளிரா? விராலைக் கேட்டால் குளிர்தான். புல்லோரத்தில் பதுங்கிக் கிடந்து இரையின்மேல் பாயும் வேட்டையில் விராலும் பாஸும் ஒன்றுபோலத்தான். ஆனால் விரால் வெப்பமண்டலத்தில் உருவான மீன். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை வகைகளும் 25 முதல் 32 டிகிரிக்குள் நன்றாக வளர்பவை. தண்ணீர் 20ஐ நெருங்கும்போது அவற்றின் பசி குறைவதால்தான், குளிர்மாதங்களில் தீவனத்தைக் குறைக்கும்படி மீன் வளர்ப்போருக்குச் சொல்கிறார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. குளிர்நாட்டின் ஆழமான ஏரிகளில் மேலே பனிக்கட்டி மிதந்தாலும், அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கும். மீன் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். ஆளுயரத் தண்ணீர் நிற்கும் நம் குளங்களில் அப்படி ஒதுங்க இடமில்லை. இரவு குளிர்ந்தால் மேலிருந்து அடிவரை குளிர்ந்துவிடும்.

விடியற்காலைதான் தூண்டிலுக்கு ஏற்ற நேரம் என்ற நம்பிக்கையை இங்கே சோதித்துப் பார்க்கலாம். கோடைக்கு அது சரி; பகல் வெக்கையில் ஒதுங்கிய மீன் அதிகாலைக் குளுமையில் மேயவரும். மார்கழியிலும் தையிலும் கணக்கு தலைகீழாகிறது. அந்த மாதங்களில் விடியல்தான் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும் வேளை. குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம் கரையும் என்பது பாடப்புத்தக உண்மை: 30 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் என்றால் 20 டிகிரியில் 9 வரை கரைய முடியும். ஆனால் அது தண்ணீரின் கொள்ளளவு மட்டுமே. பாசியும் கொடியும் மண்டிய குளத்தில் இரவு முழுவதும் செடிகளும் சேர்ந்து சுவாசிப்பதால் விடியலில் இருப்பு குறைந்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி கூடுகிறது. வெப்பமும் பிராணவாயுவும் சேர்ந்து உயரும் வேளை நண்பகலுக்குப் பிந்தைய சில மணி நேரம். காற்றைச் சுவாசிக்கக்கூடிய விராலுக்குப் பிராணவாயு பெரிய கவலையில்லை. வெப்பம் அதற்கும் பொது. ஆகவே தை மாதத்தில் வெயில் விழும் ஆழமில்லாத கரையோரம், பிற்பகல், சிறிய இரை, மெதுவாக இழுக்கும் கை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் பலன் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் குளிருமாக இருக்கும்போதுதான் நிறைய மீன் அகப்படுகிறது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதுவும் உண்மை, காரணம்தான் வேறு. புதுவெள்ளம் கலங்கலில் வழியும்போது மீன் எதிர்த்து ஏறும். அங்கே வலையில் விழுவது இடம்பெயரும் மீன். அதன் பசியை வைத்துக் கணக்குப் போட முடியாது. விரால் அந்த மழையிலும் தூண்டிலைப் பாய்ந்து கவ்வுகிறதே என்றால், அதற்கான விடை நம்மைக் கொஞ்சம் உறுத்த வேண்டும். மழைக்காலம் விராலின் இனப்பெருக்க காலம். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே துள்ளும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அருகில் எது அசைந்தாலும் விரட்டும். அப்போது அது முள்ளைக் கவ்வுவது குஞ்சுகளைக் காப்பதற்காக. காவல் போனால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்களும் பறவைகளும் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும்.

குளிர் பசியை மட்டும் குறைப்பதில்லை, மீனின் நோய் எதிர்ப்பையும் குறைக்கிறது. 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றி நாடெங்கும் பரவிய மீன் புண் நோய், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வருவது. பெருமழைக்குப் பின் தண்ணீர் குளிரும் மாதங்களில்தான் அது தலைதூக்கும். முதலில் பாதிக்கப்படும் மீன்களில் விராலும் ஒன்று. காவல் காக்கும் காலத்தில் நம் தூண்டில், அதை அடுத்த குளிரில் நோய் என்று இரண்டு அடிகளை ஒரே பருவத்தில் தாங்கும் மீன் இது. எனவே தூண்டில் போடுகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பையில் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்துக்கொள்ளுங்கள். இரை கோர்ப்பதற்கு முன் தண்ணீரை அளந்து குறித்துவையுங்கள். ஒரு பருவம் குறித்தாலே உங்கள் ஏரியின் மீன் எப்போது எடுக்கும் என்பது விளங்கிவிடும். தண்ணீரில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அந்த இடத்தில் முள்ளை இறக்காதீர்கள். தவறி மாட்டிய விராலை உடனே விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த ஏரியில் விரால் இருக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.