உச்ச நீதிமன்றத்தின் முதல் நாள்: மைசூரு மாநிலத்துக்கு அன்று மாறியது என்ன?

பெங்களூரு: நாடு குடியரசான இரண்டாம் நாள், 1950 ஜனவரி 28 அன்று காலை 9.45 மணிக்கு, டெல்லி நாடாளுமன்றக் கட்டடத்தின் ஓர் அரங்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தொடக்க நிகழ்வு நடைபெற்றது. பல்வேறு மாநிலங்களின் தலைமை நீதிபதிகளுடன் மைசூர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும், மைசூர் அட்வகேட் ஜெனரலும் அதில் பங்கேற்றனர்.

ஆங்கிலேயர் காலத்தில் சமஸ்தான மன்னர்களின் மன்றத்துக்காக அமைக்கப்பட்ட அரங்கு அது. 1937 முதல் ஃபெடரல் நீதிமன்றமும் அங்குதான் இயங்கியது. அதே நீதிமன்றத்தின் நீதிபதிகளான ஹரிலால் கானியா, சையத் ஃபசல் அலி, எம்.பதஞ்சலி சாஸ்திரி, மெஹர் சந்த் மகாஜன், பி.கே.முகர்ஜி, எஸ்.ஆர்.தாஸ் ஆகிய அறுவரும் கானியா தலைமையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக அமர்ந்தனர். பிரதமர், அமைச்சர்கள், வெளிநாட்டுத் தூதர்கள், அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட் ஆகியோர் முன்னிலையில் நிகழ்வு எளிமையாக நடந்து முடிந்தது. நீதிமன்ற விதிகள் வெளியிடப்பட்டன. ஃபெடரல் நீதிமன்ற வழக்கறிஞர்களின் பெயர்கள் புதிய பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சடங்கு எளிது, சட்ட விளைவு பெரிது. சென்னை மாகாணத்தின் மேல்முறையீடுகள் 1949 வரை லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றன. மைசூர் சமஸ்தான நீதிமன்றங்கள் அந்த அமைப்பின் கீழ் வரவில்லை. பெங்களூருவின் அட்டாரா கச்சேரியில் இயங்கிய உயர் நீதிமன்றம் சமஸ்தானத்தின் சட்டப்படியே செயல்பட்டது. அதற்கு எதிரே இன்று நிற்கும் விதான சௌதா அப்போது கட்டப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 374(4) பிரிவு இந்த வேறுபாட்டுக்கு முடிவு கட்டியது. மைசூர் உள்ளிட்ட 'பி' பிரிவு மாநிலங்களில் பிரிவி கவுன்சிலைப் போல் செயல்பட்ட அமைப்புகள் எங்கிருந்தாலும் அவற்றின் அதிகாரம் முடிவுக்கு வந்தது; நிலுவை வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

அதைவிட முக்கியமானது 32-வது பிரிவு. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் குடிமகன் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாட இது வழி செய்தது. இதைச் சோதித்த முதல் பெரிய வழக்கு தெற்கிலிருந்தே வந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் மனு தாக்கல் செய்தார். அறுவரும் சேர்ந்து விசாரித்தனர். 1950 மே 19 அன்று அவரது மனு தள்ளுபடியானது. எனினும், காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடத் தடை விதித்த சட்டப் பிரிவு செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஒரு வாரத்தில், 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை அரசு விதித்திருந்த தடையை நீதிமன்றம் ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி.

உச்ச நீதிமன்றம் 1958-இல் தற்போதைய கட்டடத்துக்கு மாறியது. 2019-இல் நீதிபதிகளின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 34 ஆனது.

பெங்களூருவில் வழக்கு நடத்துவோருக்கு டெல்லியின் தூரம் மட்டும் குறையவில்லை. காணொலி விசாரணை பயணச் செலவைச் சற்றுக் குறைத்துள்ளது என்றாலும், தென்னிந்தியாவுக்குத் தனி அமர்வு வேண்டும் என்ற கோரிக்கை நீடிக்கிறது. 2009-இல் சட்ட ஆணையம் தனது 229-வது அறிக்கையில் நான்கு மண்டல அமர்வுகளைப் பரிந்துரைத்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வுக் கூட்டம் அதை ஏற்க மறுத்தது. இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. 130-வது பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் வேறு இடங்களிலும் நீதிமன்றத்தைக் கூட்ட இந்தியத் தலைமை நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.