ஓடைக் கூழாங்கற்களை மெருகிடல்: கண்டிப் பிரதேசக் குவாட்சைற்றுக் கற்கள் பற்றிய ஒரு குறிப்பு

கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் பற்றி எழுதியோர் தலதா மாளிகையையும் ஏரியையும் தேயிலையையும் விரிவாக எழுதியுள்ளனர். அந்நகரின் காலடியிற் கிடக்கும் கற்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அச்சிலருட் பலரும் இரத்தினக் கற்களையே கருத்திற் கொண்டனர். ஹந்தானைச் சரிவில் இறங்கும் சிற்றோடைகளிலும், கெட்டம்பே, ஹல்லொலுவ முதலிய இடங்களில் மகாவலி கங்கையின் ஓரங்களிலும் வெண்மை, தேன் நிறம், செம்மை, சாம்பல் எனப் பல நிறங்களிற் கிடக்கும் கூழாங்கற்கள் எவர் கவனத்தையும் பெற்றனவல்ல. கட்டட வேலைக்குச் சரளை தேடுவோரே அவற்றின் ஒழுங்கான வாடிக்கையாளர். இக்கற்கள் யாவை, எவ்வாறு தோன்றின, அவற்றைத் திரட்டி உருட்டி மெருகிடும் முறை யாது, அம்முறையின் பின்னாலுள்ள உழைப்பின் வரலாறு எத்தகையது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

முதலிற் பெயர் பற்றி ஒரு சொல். பழைய தமிழ் வழக்கிற் பளிங்கு என்பது ஒளி ஊடுருவும் கல்லைக் குறித்தது. இன்று தமிழகத்திற் பேச்சு வழக்கில் அது தரைக்குப் பதிக்கும் சலவைக்கல்லைக் குறிக்கின்றது. இலங்கைப் பாடநூல்களிலோ உப்புக்கரைசலைக் காய்ச்சிப் பெறும் உருவமும் பளிங்கே. அங்கு தமிழகத்தார் படிகம் என்பர். ஆகவே ஒரு கூழாங்கல்லைக் காட்டிப் பளிங்கு என்றால் மூவர் மூன்று பொருளை விளங்கிக் கொள்வர். இக்குழப்பம் கருதியே குவாட்சு, குவாட்சைற்று என்னும் சொற்களை இங்கு அவ்வாறே ஆள்கின்றோம். குவாட்சு ஒரு கனியம். குவாட்சைற்றோ அக்கனிய மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி ஆகிய பாறை.

கண்டியைச் சூழ்ந்த நிலம் முன்னர் மேனிலத் தொடர் எனவும், 1990களின் பின் பெரும்பாலும் மேனிலத் தொகுதி எனவும் வழங்கப்படும் பாறைத் திரளைச் சேர்ந்தது. மேற்கே கடுகண்ணாவைத் தொகுதி அதனோடு ஒட்டி நிற்கின்றது. மேனிலத் தொகுதியின் குவாட்சைற்று முன்னொரு காலத்தில் மணலாய் இருந்தது. அதனுள் அகப்பட்ட சேர்க்கன் மணிகளின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டதெனக் கண்டுள்ளனர். அம்மணல் படிந்து மணற்கல்லாகி, பின்னர் ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தில், புவியோட்டின் ஆழத்திற்குத் தள்ளப்பட்டு, 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்திற் புடமிடப்பட்டது. மணல் மணிகள் தம் எல்லைகளை இழந்து மீண்டும் வளர்ந்து பிணைந்தன. இதனாலேயே நல்ல குவாட்சைற்றை உடைத்தால் முறிவு மணிகளைச் சுற்றிச் செல்லாது அவற்றை ஊடறுத்துச் செல்கின்றது. மணற்கல்லில் நிலைமை இதற்கு நேர்மாறு. இவ்வேறுபாடு வெறும் வகுப்பறைச் செய்தியன்று; மெருகு ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிப்பதும் இதுவே என்பதைப் பின்னர் காண்போம்.

நிறங்கள் பெரும்பாலும் அசுத்தங்களின் கொடையாகும். தூய சிலிக்கா நிறமற்றது அல்லது வெண்மையானது. மணிகளுக்கிடையே ஊறிய இரும்பு ஒட்சைட்டுக்கள் மஞ்சளும் செம்மையும் தருகின்றன. காரீயத் துகள் சாம்பல் நிறம் தருகின்றது. சிலிமனைற்று ஊசிகள் கல்லுக்குப் பட்டு போன்ற ஒரு மினுக்கத்தை ஊட்டுகின்றன. செந்நிறக் காணெற்று மணிகள் புள்ளி புள்ளியாய் நிற்பதும் உண்டு.

இவ்வோடைகளில் ஏன் குவாட்சும் குவாட்சைற்றுமே இத்துணை மிகுதியாய்க் கிடக்கின்றன என்னும் வினா எழலாம். சுற்றியுள்ள மலைகளிற் பெரும்பகுதி நைசுப் பாறையாலும் சாணோக்கைற்றாலும் ஆனது. மழையும் வெப்பமும் மிக்க இந்நாட்டிற் பெல்சுபார் களிமண்ணாகி விடுகின்றது, மைக்கா சிதைகின்றது, திகணைப் பக்கத்துச் சலவைக்கல் நீரிற் கரைகின்றது, உருளும்போதும் விரைவில் தேய்கின்றது. குவாட்சு மட்டுமே கரைவதற்கும் தேய்வதற்கும் மிக மெல்ல இணங்குகின்றது. ஆற்றின் கற்படுக்கை என்பது எஞ்சியவற்றின் கூட்டம்.

இரத்தினக்கல் அகழ்வோர் இல்லம் என அழைக்கும் கற்படையிலும் குவாட்சுக் கூழாங்கற்களே மிகுதி. மகாவலிப் படுகையில் எலஹெரவிலாயினும் தெற்கே இரத்தினபுரியிலாயினும், நீரிற் கூடையைச் சுழற்றி அலசும் தொழிலாளி ஆயிரம் குவாட்சுக் கற்களை வீசி எறிந்த பின்னரே ஒரு நீலக்கல்லைக் காணக்கூடும். இரண்டும் ஒரே மண்ணிற் கிடந்தவை. இரண்டும் வன்மையானவை, மோவின் அளவைப்படி குவாட்சு 7, நீலம் 9. வீசப்படுவதற்கும் பொதியப்படுவதற்கும் இடையிலான வேறுபாட்டை அருமையும் சந்தையுமே பெரிதும் தீர்மானித்தன. ஆயினும் வீசப்பட்ட கல்லே இத்தீவின் மிக நீண்ட தொழில்நுட்ப வரலாற்றுக்கு உரியது. 1907 இல் சரசின் சகோதரர் எனப் பொதுவாகக் கூறப்படும் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் இருவர் (உண்மையில் அவர்கள் உறவினரேயன்றி உடன்பிறந்தாரல்லர்) நீல்கல குகையிற் கண்டெடுத்த கற்கருவிகளிற் பெரும்பாலானவை குவாட்சினால் ஆனவை. பின்னர் பட்டதொம்ப லேன, பாஹியன் குகை ஆகியவற்றில் நடந்த அகழ்வுகள் குவாட்சுச் சிறுகருவிகளின் காலத்தை 45,000 ஆண்டுகளுக்கு அப்பாலும் கொண்டு சென்றன.

இக்கற்களை ஆய்வாளர் கண்ணோடு நோக்கிய தமிழருள் முதன்மையாளர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியர் என்றே இன்று அறியப்படும் அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவைக்குத் தலைமை தாங்கிய புவிச்சரிதவியலாளர். கண்டி மாவட்டத்தில் அம்பகோட்டைக்கு அண்மையிலுள்ள கங்கபிட்டியவிற் கிடைத்த கனியத்தைப் பிரயர் என்பாருடன் சேர்ந்து செரண்டிபைற்று என உலகுக்கு அறிவித்தவர் அவரே. தோரியனைற்று பற்றிய தொடக்க ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாக நடந்த அப்பயணங்களே கண்டிய கைவினைஞரை அவர் கண்முன் நிறுத்தின எனலாம். 1908 இல் வெளிவந்த, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலின் வேர் ஒரு புவிச்சரிதவியலாளனின் பாதத் தூசியில் உள்ளது.

நாம் கல் திரட்டச் சென்றது இத்தகைய பெருநோக்கு எதுவும் கொண்டன்று. எங்குச் செல்லலாம் என்பதே முதற் சிக்கலாயிற்று. உடவத்தகலை 1938 முதல் சரணாலயம். நக்கிள்சு மலைத்தொகுதி 2000 இல் பாதுகாக்கப்பட்ட காடாயிற்று. ஹந்தானை 2010 இற் சூழற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இவ்விடங்களிற் கல்லொன்றையும் எடுத்தலாகாது. ஏரியிலிருந்து கழியும் மெத எலயோ நகரின் கழிவையெல்லாம் சுமப்பது. அதிற் கையிட எவரும் விரும்பார். வணிகத்துக்காகச் சரளையோ மணலோ அகழ்வதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். நாம் வேண்டியதோ இரு கைப்பைகள் கொள்ளும் அளவே. ஈற்றில், தனியார் காணியொன்றின் ஊடாகப் பாயும் ஓடையில், உரியவரின் இசைவுடன், மழை ஓய்ந்த ஒரு வாரத்தின் பின் இறங்கினோம்.

அவ்வோடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் இருந்தது. பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் எம்மைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “தம்பி, அங்க தேடாதீங்க. கான் வந்து ஆத்துல விழுகுற மூலையில பாருங்க, கலர் கல்லு எல்லாம் அங்கதான் ஒதுங்கும்” என்றார். அவ்வாறே இருந்தது. நீரோட்டம் தளரும் வளைவின் உட்புறத்திலும் பெருங்கல்லின் பின்புறத்திலும் கற்கள் ஒதுங்கும் என்பதை நாம் நூலிற் படித்திருந்தோம். எமது ஓடையில் அம்மூலை எது என்பதை நூல் கூறவில்லை. கான் வெட்டியும் கல் அடுக்கியும் இம்மலைச்சரிவுகளை உருவாக்கியவர்களின் வழித்தோன்றலுக்கு அது தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

தெரிவு செய்வதற்குச் சில எளிய சோதனைகள் போதும். எஃகுக் கத்தியாற் கீறினால் குவாட்சைற்றில் தழும்பு விழாது. கத்தியின் உலோகமே கல்லில் ஒரு கோடாகப் படியும். சலவைக்கல் கீறப்படும். ஐதரோக்குளோரிக்கு அமிலத்தை இட்டு நுரை காணும் முறையை இங்கு மட்டும் நம்புதல் தகாது. ஏனெனில் கண்டிப் பகுதிச் சலவைக்கல்லிற் பெரும்பாலானது தொலமைற்று வகை, குளிர்ந்த ஐதான அமிலத்தில் அது அரிதாகவே நுரைக்கும். கல்லை நனைத்துப் பார்த்தால் மெருகிட்ட பின் தோன்றப்போகும் நிறம் ஏறத்தாழத் தெரியும். நனைந்தபின் விரைவில் நீரை உறிஞ்சிக் கொள்ளும் கல் வானிலையால் தளர்ந்தது. அதை விட்டுவிடல் நன்று. வெடிப்புள்ளனவும் ஆகா.

மெருகிடும் பொறி மிக எளிமையானது. இரப்பர் உட்பூச்சுக் கொண்ட ஒரு பீப்பா, அதைச் சுழற்றும் இரு உருளைகள், ஒரு சிறு மோட்டர். நாம் பழைய தையற்பொறி மோட்டரைப் பயன்படுத்தினோம். பீப்பாவின் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமற் கற்களை இட வேண்டும்; குறைந்தால் அவை வழுக்காது விழுந்து ஒன்றையொன்று உடைக்கும். சிறியவும் பெரியவும் கலந்திருத்தல் நலம். கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீரும், 60 முதல் 90 வரையான இலக்கமுடைய சிலிக்கன் காபைட்டுத் துகளும் சேர்த்து ஏழு நாளோ அதற்கு மேலோ இடைவிடாது சுழற்ற வேண்டும். குவாட்சு வன்மையானதாதலால் இப்படி இரட்டிப்பதும் உண்டு. பின்னர் 120 முதல் 220 வரையான துகளுடன் ஒரு வாரம், 500 இலக்கத் துகளுடன் ஒரு வாரம், ஈற்றில் அலுமினியம் ஒட்சைட்டு அல்லது சீரியம் ஒட்சைட்டுடன் ஒரு வாரம். ஒவ்வொரு படிக்கும் இடையே கற்களையும் பீப்பாவையும் துப்புரவாகக் கழுவுதல் இன்றியமையாதது. பருந்துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் ஈற்றுப் படியில் அது எல்லாக் கற்களையும் கீறிவிடும்.

எமது முதல் முயற்சி இவ்விடத்திலேயே தவறியது. கழுவலிற் காட்டிய சோம்பலால் ஒரு மாத உழைப்பு மங்கலாய் முடிந்தது. இரண்டாம் முயற்சியில் இன்னொன்று விளங்கிற்று: செந்நிறக் கற்களிற் பாதி பளபளப்பு ஏறாமல், அம்மைத் தழும்புபோற் குழிகளுடன் வெளிவந்தன. அவை மணிகள் நன்கு பிணையாதவை, அல்லது பிணைப்பை இரும்புச் சத்து ஊறித் தளர்த்தியவை. மணிகள் தேயாது பெயர்ந்துவிட்டன. நாம் மிகவும் விரும்பி எடுத்த நிறமே கல்லின் நலிவைக் காட்டும் அடையாளமாயிற்று. சாம்பல் நிறக் கற்களோ எவரும் எதிர்பாராத ஒளியுடன் வந்தன.

இம்முறை மேனாட்டார் கண்ட பொழுதுபோக்கென எண்ணுதல் தவறு. குசராத்திலுள்ள காம்பாத்து நகரில் அகேற்று மணி செய்வோர், மோட்டர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, மணிகளையும் குருந்தக்கல் தூளையும் நீரையும் தோற்பையில் இட்டு, இருபுறமும் இருவர் அமர்ந்து நாட்கணக்கில் உருட்டி மெருகேற்றினர். நமது பீப்பா அத்தோற்பையின் வழிவந்த உறவு. தமிழகத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 இலிருந்து நடந்த அகழ்வுகள் குவாட்சு, பெரில், சூதுபவளம் முதலியவற்றால் மணி செய்த தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர். செய்து முடியாத மணிகளும் கழிவுச் சில்லுகளும் அங்கு மிகுதி.

அம்மணிகளை அணிந்தோரை இலக்கியம் அறியும். அரைத்தோரின் நுரையீரலை எவரும் பாடவில்லை. குவாட்சு வகைக் கற்களை உலர்நிலையில் அரைக்கும்போது எழும் நுண்டூசி, கண்ணுக்குப் புலப்படாத அளவினதாயின், நுரையீரற் சிற்றறைகள் வரை சென்று தங்கித் தழும்பை உண்டாக்குகின்றது. சிலிக்கோசிசு எனப்படும் இந்நோயை மாற்றும் மருந்து இல்லை. காசநோயும் எளிதிற் பற்றிக்கொள்கின்றது. காம்பாத்தில் வீட்டுத் திண்ணையிலேயே சாணை பிடித்த குடும்பங்களில், அரைப்போர் மட்டுமன்றி அருகிலிருந்தோரும் பாதிக்கப்பட்டமையை இந்தியத் தொழில்சார் சுகாதார ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பீப்பாவில் நீருடன் உருட்டுகையில் தூசி எழாது. ஆனால் மெருகிட்ட பின் எஞ்சும் சேறு காய்ந்து பொடியானால் அதுவும் அதே தூசிதான். காய்ந்த கல்லை வெறுங்கையில் அரத்தாலோ மின்சாணையாலோ சீர்செய்ய முற்படுவோர் இதை மறத்தலாகாது. சேற்றை வடிகாலில் ஊற்றுதலும் ஆகாது. சீமெந்துபோல் இறுகிக் குழாயை அடைத்துவிடும். அதனையும் நாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம். இப்பொழுது அதை ஈரமாகவே ஒரு வாளியிற் சேர்த்து, மண்ணிற் குழியிட்டுப் புதைத்து வருகின்றோம்.

ஒரு குறை மட்டும் உள்ளது. உருட்டிய கல்லில் அது கிடந்த இடத்தைக் கூறும் தேய்வும் மேற்பூச்சும் அழிந்து போகின்றன. இலக்கமிட்டு எழுதிய மையும் முதல் நாளிலேயே கழன்றுவிடுகின்றது. கங்கபிட்டிய என்னும் பெயர் கனியவியல் நூல்களில் நின்றது, அங்குக் கல் எடுத்தவர் இடத்தையும் எழுதி வைத்தமையாலேயே. ஆதலால் ஒவ்வோர் இடத்திலிருந்தும் எடுத்த கற்களில் ஒன்றை உருட்டாமல், சேறு கழுவி மட்டும், இடமும் நாளும் எழுதிய தாளுடன் தனியே கட்டி வைத்துள்ளோம். கானும் ஆறும் கூடும் மூலையின் பொதியிலுள்ளது நன்கு பிணையாத செந்நிறக் கல் ஒன்று.